பூச்சு போட்ட பேரிங்: எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது

ரங்கூனில் கரண்ட் போவதும் வருவதும்தான் எங்கள் பட்டறைக்குச் சோறு. "மீ லாப்பி!" (கரண்ட் வந்தாச்சு) என்று பிள்ளைகள் கத்தினால் தெருவில் உள்ள ஜெனரேட்டர் எல்லாம் ஒருசேர நிற்கும். திரும்ப இருட்டினால் எல்லாம் ஒருசேரக் கிளம்பும். நாளைக்கு நான்கு முறை என்று வைத்தாலே வருடத்துக்கு 1,460 ஸ்டார்ட் ஆகிறது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் வரை கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கும். கிளம்பும் அந்த ஓரிரு விநாடியில்தான் ஷெல்லில், அதாவது அதைத் தாங்கும் அரைவட்ட பேரிங் தகட்டில், உட்கார்ந்து உரசும். அந்த உரசலைத் தாங்கத்தான் பேரிங் கம்பெனிகள் ஷெல்லின் மேல் பாலிமர் பூச்சு கொடுக்கின்றன. பூச்சு நல்ல சரக்கு. ஆனால் பழைய வெள்ளை உலோக (மெதுவான வெள்ளீய, ஈயக் கலவை) பேரிங்கைப் பிடித்த கையால் அதைப் பிடித்தால் வாரக்கணக்கில் போய்விடும். ஒரே மாதிரியான கேஸ்களைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை. தியரி இதில் இல்லை.

## முதலில், உங்களுடையது பூச்சு போட்டதுதானா?

பழைய வகை ஷெல் வெள்ளி மாதிரி மின்னும். பூச்சு போட்டது மின்னாது. சிலேட்டுப் பலகை போல மங்கிய கருஞ்சாம்பல் நிறம் இருக்கும், சில கம்பெனி சரக்கு செங்கல் சிவப்பாக இருக்கும். முதுகில் எஃகு, நடுவில் வெண்கலம் அல்லது அலுமினியக் கலவை, அதற்கு மேல் இந்தப் பூச்சு என்று மூன்று அடுக்கு. பெரும்பாலும் பாலி அமைட் இமைட் என்ற பிசினில் மாலிப்டினம் டைசல்ஃபைடு, கிராஃபைட், டெஃப்லான் மாதிரியான வழுக்கும் தூள்களைக் கலந்து பூசிச் சுட்டிருப்பார்கள்.

பூச்சின் தடிமன் சுமார் 10 மைக்ரான். நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். முடியை நீளவாக்கில் ஏழாகப் பிளந்தால் ஒரு பிளவு எவ்வளவோ அவ்வளவுதான். எமரித் தாளால் நாலு இழுப்பு இழுத்தால் பூச்சு தாளோடு வந்துவிடும்.

இரண்டாவது ஒரு குடும்பம் இருக்கிறது: கிங்பின்னிலும் (லாரியின் முன்சக்கரம் திரும்பும் முளை) ஹைட்ராலிக் பம்பிலும் வரும் குழாய் வடிவ புஷ்கள். அவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

## ஸ்பானரை எடுப்பதற்கு முன்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்த ஐந்து நிமிட வேலையைத் தாண்டிப் போகாதீர்கள். என்னிடம் வந்ததில் பாதிக்கு மேல் இங்கேயே பிடிபட்டவை.

டிப்ஸ்டிக்கை இழுங்கள். எண்ணெய் குறைந்திருந்தால் காரணம் தெரிந்த மாதிரிதான். கூடியிருந்தால் அது இன்னும் மோசம்: டீசலோ தண்ணீரோ சம்ப்புக்குள் (எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) இறங்குகிறது. முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை மறையாது. மைதா கரைத்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர். சந்தேகம் என்றால் ஒரு சொட்டைச் சூடான இரும்புத் தகட்டில் விடுங்கள். தண்ணீர் இருந்தால் தாளிக்கிற கடுகு மாதிரி வெடிக்கும். மழைக் காலத்தில், கேனிலும் பாட்டிலிலும் டீசல் வாங்கி ஊற்றுகிற வீடுகளில் இது அடிக்கடி நடக்கும்.

அடுத்து, எண்ணெயை விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் அழுக்கு. அதோடு எப்போது மாற்றினீர்கள், என்ன கிரேடு என்று கேளுங்கள். "போன திஞ்ஞானுக்கு (பர்மியப் புத்தாண்டு) முன்னாடி" என்று பதில் வந்தால் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. மாற்றிவிட்டுத்தான் மறு பேச்சு.

## அறிகுறி 1: ஸ்டார்ட் ஆனதும் தடதட சத்தம்

### மூன்று நான்கு விநாடியில் நின்றுவிடுகிறது

எண்ணெய் மேலே வந்து சேரத் தாமதமாகிறது. முதல் சந்தேகம் ஃபில்டர் மேல். நல்ல ஃபில்டரில், எஞ்சின் நின்ற பிறகு எண்ணெய் சம்ப்புக்குத் திரும்பி வடியாமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வு இருக்கும். மலிவு சரக்கில் அந்த ரப்பர் பெயருக்குத்தான். புது ஃபில்டரைக் கையில் வாங்கியதும் பக்கத்துச் சின்னத் துளைகளுக்குள் பாருங்கள். ரப்பர் கல் மாதிரி இறுகியோ சுருங்கியோ தெரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஃபில்டர் நிமிர்ந்து மாட்டுகிற மாடலாக இருந்தால் எண்ணெய் நிரப்பி மாட்டுங்கள்.

இரண்டாவது, எண்ணெய் ரொம்பக் கெட்டியாக இருக்கலாம். "வெயில் நாடு, 50 கிரேடு போட்டால் தாங்கும்" என்று சொல்பவர்கள் இங்கே நிறைய. எஞ்சின் புத்தகம் 15டபிள்யூ-40 சொன்னால் அதையே ஊற்றுங்கள்.

மூன்றாவது, ஆட்டோமேட்டிக் மாற்றுப் பெட்டி. கரண்ட் போனதும் ஜெனரேட்டரைக் கிளப்பி, கிளம்பிய அடுத்த நொடியே மொத்த லோடையும் தலையில் ஏற்றும்படி செட்டிங் வைத்திருப்பார்கள். எண்ணெய் பேரிங்குக்கு வருமுன் ஏசியும் மோட்டாரும் ஏறி உட்கார்ந்தால் பூச்சு என்ன செய்யும்? அந்த டைமரைப் பத்துப் பதினைந்து விநாடி தள்ளி வையுங்கள். இதற்குப் பைசா செலவில்லை, அதனாலேயே யாரும் செய்வதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் சும்மா நின்ற எஞ்சினாக இருந்தால், ஸ்டாப் லிவரை இழுத்துப் பிடித்தபடி பத்து விநாடி செல்ஃப் அடித்து, சற்று ஓய்வு கொடுத்து, மறுபடி ஒரு முறை அடியுங்கள். பிரஷர் விளக்கு அணைந்த பிறகு லிவரை விடுங்கள்.

### நிற்கவில்லை, தொடர்ந்து அடிக்கிறது

உடனே நிறுத்திவிட்டு அறிகுறி 3-க்குப் போங்கள். "சூடானால் சரியாகிவிடும்" என்று ஓடவிடாதீர்கள். சூடானால் எண்ணெய் இளகும், அடி கூடும்.

## அறிகுறி 2: சூடானதும் ஆயில் பிரஷர் இறங்குகிறது

எங்கள் பட்டறைக் கணக்கு இது: ஆயிரம் சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. 50 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டர் பெரும்பாலும் 1,500 சுற்றில் ஓடும். நன்றாகச் சூடேறிய பிறகும் 15-க்குக் கீழே போகக் கூடாது. உங்கள் எஞ்சின் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதுதான் சட்டம்.

### மீட்டரை நம்பாதீர்கள்

சென்ஸரைக் கழற்றி அதே துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டுங்கள். கேஜ் சரியான அளவைக் காட்டினால் சென்ஸரை மாற்றிவிட்டுப் பில்லைப் போடுங்கள்.

### கேஜிலும் குறைவு

எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். 40 கிரேடு என்றால் 100 டிகிரி சூட்டில் 12.5-லிருந்து 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை கெட்டித்தன்மை (பாகுத்தன்மை) இருக்க வேண்டும். டீசல் நிறையக் கலந்தால் அது 30 கிரேடுக்கும் கீழே சரியலாம். டப்பாவில் 40 என்று போட்டிருந்தாலும் சம்ப்புக்குள் இருப்பது 40 இல்லை. அப்படியானால் டீசல் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். ஒழுகும் இன்ஜெக்டர், லிஃப்ட் பம்ப் டயாஃப்ரம், இன்ஜெக்‌ஷன் பம்ப் சீல், இந்த வரிசையில்.

### மாற்றிய பிறகும் குறைவு

ரிலீஃப் வால்வை, அதாவது அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வை, கழற்றிக் கழுவுங்கள். ஒரு பொடித் துணுக்கு சிக்கினாலும் அது பாதி திறந்தபடி நிற்கும். அதற்கும் கேட்கவில்லை என்றால் சம்ப்பை இறக்கி வலைச் சல்லடையைப் பாருங்கள். ஒரு தடவை அந்தச் சல்லடையிலிருந்து மண்புழு மாதிரி ஏழெட்டு இழைகளை இடுக்கியால் இழுத்தேன். சிலிக்கான் கேஸ்கெட் பசை. முன்பு சம்ப் மாட்டிய ஆள் தாராளமாகப் பிதுக்கியிருக்கிறார். வெளியே பிதுங்கியதைத் துணியால் துடைத்துவிட்டார், உள்ளே பிதுங்கியதை எஞ்சின் விழுங்கிவிட்டது.

சல்லடையும் சுத்தம் என்றால் மிச்சம் இரண்டு: ஆயில் பம்ப் தேய்மானம் அல்லது பேரிங் இடைவெளி. சம்ப் இறங்கித்தான் இருக்கிறது, அறிகுறி 5-ஐப் படித்துவிட்டு, பேரிங்கைப் பிடித்து மூடியிருக்கும் கேப்புகளில் ஒன்றைக் கழற்றுங்கள்.

## அறிகுறி 3: லோடு ஏறும்போது அடி விழுகிறது

பேரிங் அடி என்று முடிவு கட்டுமுன் பேரிங் மாதிரி நடிக்கிற சிலரைத் தள்ள வேண்டும்.

### ஒவ்வொரு சிலிண்டராக அடக்கிப் பாருங்கள்

பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினாக இருந்தால் மட்டும், இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். காமன் ரெயில் எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது. 1,000 பாருக்கு மேல் அழுத்தம் உள்ள டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலை வெட்டி எடுக்கிற நிலைமை வரும். காமன் ரெயில் என்றால் ஸ்கேனர் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள்.

ஒரு சிலிண்டரைத் தளர்த்தும்போது அடி குறைகிறது என்றால் தொல்லை அந்தச் சிலிண்டரில். ஆனால் அது இன்ஜெக்டராகவும் இருக்கலாம். அந்த இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். அடியும் கூடவே இடம் மாறினால் இன்ஜெக்டர். அடி பழைய இடத்திலேயே இருந்தால், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனை பேரிங் அல்லது பிஸ்டன் பின்.

### எதைத் தளர்த்தினாலும் மாறவில்லை, அடித்தொண்டையில் 'தும் தும்'

கிராங்கைப் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங் போலத் தோன்றும். அவசரப்படாதீர்கள். ரங்கூனில் இன்சின் என்ற பேட்டைப் பக்கம் ஒரு பனிக்கட்டி ஆலையில் இந்த அடிக்கு இரண்டு நாள் சம்ப்புக்குக் கீழே மல்லாந்து கிடந்து ஐந்து மெயின் கேப்பையும் கழற்றினேன். ஷெல் எல்லாம் புதிது மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் காலை, பின்னால் ஆல்டர்னேட்டர் மூடியைத் திறந்து கையை விட்டால், ஃப்ளைவீலோடு சேர்க்கிற மெல்லிய எஃகு வட்டின் எட்டு போல்ட்டில் இரண்டு விரலால் சுழல்கிறது. பத்து நிமிட வேலை. ஆலைக்காரர் நம்ம ஊர் ஆள்தான். "ஏண்ணே, இதை மொத நாளே பாத்திருக்கலாமே?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அந்த இரண்டு நாளுக்குக் கூலி வாங்கவில்லை. அன்றிலிருந்து மெயின் அடி என்று யார் கூப்பிட்டாலும் முதலில் பின்மூடி, அடுத்து எஞ்சின் மவுண்ட், பிறகு கிராங்க் முன்முனைப் புல்லி போல்ட். மூன்றும் டைட் என்ற பிறகுதான் சம்ப்.

### ராட் அடி என்று உறுதியாகிவிட்டது

ஓட்டாதீர்கள். "இன்னிக்கு ராத்திரி மட்டும், ஸயா, ஃப்ரீஸர்ல மீன் இருக்கு" என்பார்கள். (ஸயா என்றால் பர்மிய மொழியில் வாத்தியார்.) மீன் போனால் மீன்தான் போகும். ராட் உடைந்தால் பிளாக்கில் துளை விழும்.

## அறிகுறி 4: எண்ணெயில் செதில், தூள்

வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள்.

காந்தத்தில் ஒட்டினால் எஃகு அல்லது இரும்பு. பேரிங்கை விட்டுவிட்டு ரிங், கேம், கியர் பக்கம் போங்கள். ஒட்டாமல் செம்பு நிறத்தில் மின்னினால் வெண்கல அடுக்கு வரை தேய்ந்துவிட்டது. சாம்பல் வெள்ளையாக இருந்தால் அலுமினிய அடுக்கு, அல்லது பிஸ்டன்.

கறுப்புச் செதிலில்தான் ஏமாறுவார்கள். அதைப் பெட்ரோலில் போட்டு ஆட்டுங்கள். கரிப் படிவம் என்றால் உதிர்ந்து பெட்ரோலைக் கறுப்பாக்கும். கேஸ்கெட் பசை என்றால் இழுத்தால் ரப்பராக நீளும். பூச்சு என்றால் கரையாது, நீளாது, சவ்வு மாதிரி மெல்லிசாக அப்படியே கிடக்கும். புது ஷெல் போட்ட முதல் எண்ணெய் மாற்றத்தில் கொஞ்சம் கருந்தூசி வருவது சகஜம். சவ்வாகச் செதில் வருவது சகஜமில்லை.

## அறிகுறி 5: பிரித்தாயிற்று. ஷெல் என்ன சொல்கிறது?

இங்கேதான் நிதானம் வேண்டும். கழற்றிய வரிசையிலேயே ஷெல்களைப் பலகையில் அடுக்கி, எண்ணையும் மேல் கீழையும் முதுகில் மார்க்கரால் எழுதுங்கள். தேய்ந்த ஷெல்லைத் துடைத்துக் குப்பையில் போடுகிறவர் காரணத்தையும் சேர்த்துப் போடுகிறார்.

### ஒரு பக்கம் மட்டும் வழவழப்பு

ராடில் மேல் ஷெல், மெயினில் கீழ் ஷெல், இரண்டிலும் நடுவே பூச்சு பாலிஷ் ஏறி மின்னுவது நல்ல அடையாளம். சுமை அங்கேதான் விழுகிறது. அங்கங்கே கீழ் அடுக்கின் நிறம் புள்ளியாகத் தெரிந்தாலும் பயமில்லை. பட்டையாகத் தெரிந்தால் மாற்ற வேண்டும்.

### ஒரு விளிம்பில் மட்டும் தேய்மானம், எதிர் ஷெல்லில் எதிர் விளிம்பில்

ராட் வளைந்திருக்கிறது. புது ஷெல் போட்டும் பயனில்லை. ராடை அலைன்மென்ட் பார்க்கிறவரிடம் கொடுங்கள்.

### இரண்டு விளிம்பும் தேய்ந்து நடு அப்படியே இருந்தால், அல்லது நடு தேய்ந்து விளிம்பு அப்படியே இருந்தால்

ஜர்னலின், அதாவது கிராங்கில் ஷெல்லுக்குள் சுழலும் உருளைப் பகுதியின், வடிவம் கெட்டிருக்கிறது. மைக்ரோமீட்டரை மூன்று இடத்தில், இரண்டு திசையில் வைத்து அளந்து எழுதுங்கள். கிரைண்டிங் கடைக்குப் போக வேண்டிய கேஸ்.

### இரண்டு ஷெல்லும் சேரும் ஓரத்தில் தேய்மானம்

கேப் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அல்லது வேறு ராடின் கேப் மாட்டியிருக்கிறது. எண்களை ஒப்பிடுங்கள்.

### மேலே ஒரு தனிப் புள்ளி மட்டும் பளபளப்பு

ஷெல்லைத் திருப்பி முதுகைப் பாருங்கள். நேர் பின்னால் ஏதோ சிக்கியிருக்கும். பெகு பக்கத்து அரிசி ஆலை எஞ்சின் ஒன்றில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு உமி. நெல் உமி! நசுங்கிக் காகிதமாகி எஃகில் ஒட்டியிருந்தது. முன்பக்கம் அந்த இடத்தில் காசளவுக்குப் பூச்சு போய் வெண்கலம் சிரித்துக்கொண்டிருந்தது. அரிசி ஆலையில் எஞ்சின் பிரிப்பதென்றால் தார்ப்பாய் கட்டிக்கொள்ளாமல் தொடாதீர்கள்.

அதே ஆலைகளில் இன்னொன்று. உமி எரித்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது கண்ணாடித்தூளுக்கு அண்ணன் தம்பி. ஏர் கிளீனரில் ஓட்டை இருந்தால் அது எண்ணெய்க்கு வந்து ஷெல்லில் குத்திட்டு நிற்கும். தடித்த வெள்ளை உலோகம் அந்தத் துணுக்கை உள்ளே புதைத்துக்கொள்ளும். பத்து மைக்ரான் பூச்சுக்குப் புதைக்க இடமேது? கோடு கோடாக ஷெல்லும் கிழியும், ஜர்னலும் கிழியும். ஏர் கிளீனர் குழாய் கிளிப்பை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் புது ஷெல்.

### நீலம், கறுப்பு, உருகி இழுபட்ட தோற்றம்

எண்ணெய் வரவில்லை. ஒரே ஒரு ஷெல்லில் மட்டும் என்றால் அந்த ஒரு வழி அடைப்பு. எல்லாவற்றிலும் என்றால் பம்ப், சல்லடை, அல்லது எண்ணெயே இல்லை. ஒரு மெயினில் மட்டும் என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஒரு சின்ன முட்டாள்தனம்: துளையும் பள்ளமும் உள்ள ஷெல் பிளாக் பக்கம் இருக்க வேண்டும். கேப் பக்கம் மாற்றிப் போட்டால் எண்ணெய்த் துளை அடைபட்டுவிடும்.

## அறிகுறி 6: புது ஷெல் போட்டு ஒரு மாதம்கூட ஓடவில்லை

எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் தல்லா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஐராவதியில் ஓடிய நீராவிப் படகுகளின் வெள்ளை உலோக பேரிங்கை, ஜர்னலில் நீலச் சாயம் தடவி, சுழற்றி, சாயம் ஒட்டிய மேட்டைச் சுரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி உட்கார வைப்பார்கள். அவர் சுரண்டி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. ஆனால் பூச்சு போட்ட ஷெல் பக்கம் அதைக் கொண்டுபோவதில்லை.

சொல்லிக் கொடுக்காத குற்றம் என்னுடையதுதான். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் எட்டு ராட் ஷெல்லையும் 400 நம்பர் எமரித் தாளால் தேய்த்து வைத்திருந்தான். "ஸயா, மேல கறுப்பா அழுக்கு புடிச்சிருந்துச்சு. எல்லாத்தையும் வெள்ளி மாதிரி ஆக்கிட்டேன்." பெட்டியைப் பிரித்து ஒரு மணி நேரம்கூட ஆகாத புதுச் சரக்கு. எத்தனை சாட் (பர்மியப் பணம்) நஷ்டம் என்ற கணக்கை அவனிடம் சொல்லவில்லை, பாவம். சாயங்காலம் வரை அவனாகவே பேசாமல் இருந்தான்.

ஆகவே இந்த அறிகுறிக்கு முதல் கேள்வி: ஷெல்லை யாராவது தேய்த்தார்களா, சுரண்டினார்களா, ரீமர் விட்டார்களா? டைட்டாக இருந்தால் ஜர்னலைச் சரியான அளவுக்குக் கிரைண்ட் செய்ய வேண்டும். 0.25, 0.50 மி.மீ. என்று அளவு குறைத்த ஷெல்கள் அதற்குத்தான் விற்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி: எதில் கழுவினீர்கள்? பிளாக்கைக் கொதிக்கிற காஸ்டிக் சோடாத் தொட்டியில் போடுவது வழக்கம். ஷெல்லும் சேர்ந்து போனால் அந்தக் காரம் பிசினையும் அரிக்கும், அலுமினிய அடுக்கையும் அரிக்கும். சுத்தமான டீசலோ மண்ணெண்ணெயோ போதும். பஞ்சு விடாத துணியால் ஒற்றி எடுங்கள்.

மூன்றாவது: இடைவெளி அளந்தீர்களா? ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் முக்கால் பங்கிலிருந்து ஒரு பங்கு வரை என்பது பொதுக் கணக்கு. 60 மி.மீ. ஜர்னலுக்கு 0.045 முதல் 0.060 மி.மீ. பச்சை நிற பிளாஸ்டிகேஜ் நூல் 0.025-லிருந்து 0.076 வரை காட்டும், இந்த வேலைக்கு அதுவே போதும். நூலை வைத்து, கேப்பை டார்க் ரெஞ்சால் முழு அளவு முறுக்கி, கிராங்கைத் துளியும் அசைக்காமல், திரும்பக் கழற்றி நசுங்கிய அகலத்தை உறையில் உள்ள அளவுகோலோடு ஒப்பிடுங்கள். ஒட்டியதை எண்ணெய்த் துணியால் துடையுங்கள், நகத்தால் சுரண்டாதீர்கள். பூச்சின் தடிமன் இந்த அளவுக்குள் அடக்கம். "பூச்சு தேயுமே" என்று தனியாகக் கூட்டிக் கழிக்க வேண்டாம்.

நான்காவது, ஜர்னல் வழவழப்பு. வெள்ளை உலோகம் மன்னித்த சொரசொரப்பைப் பூச்சு மன்னிக்காது. 0.2 மைக்ரான் ராஃப்னஸ் அல்லது அதற்கும் கீழே வேண்டும். அதை அளக்கிற கருவி என்னிடம் இல்லை. பாட்டி பெட்டியில் கிடந்த பழைய காலணாக் காசு இருக்கிறது. அதன் விளிம்பை ஜர்னலின் நீளவாக்கில் அழுத்தி இழுப்பேன். செம்புக் கோடு ஒட்டி நின்றால் திரும்பப் பாலிஷுக்கு அனுப்புவேன். கடைசிப் பாலிஷ் கிராங்க் சுழலும் திசையிலேயே இருக்கட்டும் என்று கடைக்காரரிடம் சொல்லி அனுப்புங்கள். எதிர்த் திசையில் போனால் கண்ணுக்குத் தெரியாத பிசிறுகள் ரம்பம் மாதிரி பூச்சைச் சீவும்.

ஐந்தாவது, முதல் ஸ்டார்ட். எண்ணெய் தடவி மாட்டி, ஃபில்டரை நிரப்பி, ஸ்டாப் லிவரைப் பிடித்தபடி பிரஷர் ஏறும் வரை விட்டு விட்டு செல்ஃப் அடிக்க வேண்டும். பூச்சு வழுக்கும் என்பதால் வெறுமனே கிளப்பலாம் என்று யாராவது சொன்னால், அவர் எஞ்சினில் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

### எப்போது கையைத் தூக்க வேண்டும்

ஜர்னல் ஒரு திசைக்கும் மறு திசைக்கும் 0.05 மி.மீ. வித்தியாசம் காட்டினால் கிரைண்டிங் கடை. கிராங்க் நீலம் பாரித்திருந்தால் விரிசல் சோதனை செய்யாமல் மாட்டாதீர்கள். மேற்பரப்பைக் கடினமாக்க நைட்ரைடு செய்த கிராங்கைக் கிரைண்ட் செய்தால் மேல் கடினம் போய்விடும், திரும்பக் கடினமாக்கும் வசதி உள்ள இடத்தில்தான் கொடுக்க வேண்டும். ஒரே மெயின் ஷெல் இரண்டாம் தடவையும் போனால் பிளாக் நேராக இல்லை என்று சந்தேகித்து லைன் போரிங் போட வேண்டும். இவற்றில் எதையும் பட்டறைத் தரையில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. நானும் வெளியே கொடுத்துத்தான் வாங்குகிறேன்.

## அறிகுறி 7: கிங்பின், பம்ப் புஷ்: கீச்சொலி, இறுக்கம், ஆட்டம்

இரண்டு வகையைப் பிரித்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் சாம்பல் நிறத்தில் இடையிடையே வெண்கலம் மின்னினால் அது டெஃப்லான் புஷ். கால் மி.மீ. அளவுக்குப் பொடி வெண்கலம், அதன் துளைகளில் டெஃப்லான், மேலே 10 முதல் 30 மைக்ரான் வரை டெஃப்லான் படலம். உள்பக்கம் பிளாஸ்டிக்காக, அம்மைத் தழும்பு மாதிரி குழிகளோடு இருந்தால் அது அசிட்டால் புஷ். குழிகள் கிரீஸ் தங்குவதற்கு.

கீச்சொலி, இறுக்கம். அசிட்டால் புஷ்ஷுக்கு கிரீஸ் போகவில்லை. நிப்பிள் அடைப்பைப் பாருங்கள், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடியுங்கள். சாதா லித்தியம் கிரீஸ் போதும். மாலிப்டினம், கிராஃபைட் கலந்த கறுப்பு கிரீஸ் விலை கூட என்பதால் உசத்தி என்று நினைத்து அடிப்பார்கள். அந்தத் தூள் இங்கே உதவாது, தேய்மானத்தைத்தான் கூட்டும்.

புதிதாக அடித்த புஷ்ஷில் பின் நுழையவில்லை. டெஃப்லான் புஷ்ஷுக்கு ரீமர் விடாதீர்கள், விட்டால் வாங்கியதையே சீவித் தள்ளுகிறீர்கள். புஷ் உட்காரும் துளையில் துரு, பிசிறு இருக்கிறதா, புஷ் சாய்ந்து ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னின் முனை கூராக இருந்தால் சரிவு போட்டு மழுக்குங்கள். அசிட்டாலில் மட்டும் ரீமருக்கென்றே தடிமன் கூட வைத்து விற்கும் வகை உண்டு. பெட்டியில் எழுதியிருக்கும்.

சிறிது வெண்கலம் தெரிகிறது. ஓடிப் பழகிய டெஃப்லான் புஷ்ஷில் பத்தில் ஒரு பங்கு வெண்கலம் தெரிவது இயல்பு. டெஃப்லான் கொஞ்சம் உள்ளே இருக்கும் பின்னின் மேல் ஏறி அங்கே படலமாக ஒட்டியிருக்கும். பின்னைத் துடைத்துப் பளபளப்பாக்கினால் அந்தப் படலம் போய்விடும். பாதிக்கு மேல் வெண்கலமாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

கியர் பம்பில் தூக்கும் சக்தி குறைகிறது. ஹைட்ராலிக் எண்ணெய் அளவு, உறிஞ்சு குழாயில் காற்று, ஃபில்டர், இந்த வரிசையில் பார்த்துவிட்டுத்தான் பம்பைப் பிரிக்க வேண்டும். பிரித்ததும் உறிஞ்சும் பக்கத்துச் சுவரைப் பாருங்கள். புஷ் தேய்ந்தால் அழுத்தம் கியரை அந்தப் பக்கம் தள்ளி, பற்கள் உடம்பில் ஒரு பாத்தி வெட்டியிருக்கும். பாத்தி நகத்தில் தட்டுப்படும் ஆழம் என்றால் புஷ் மட்டும் மாற்றிப் பயனில்லை, பம்பையே மாற்றச் சொல்லிவிடுங்கள்.

புஷ் பக்கத்தில் வெல்டிங் வேலை. கழற்றாமல் வெல்டிங் வைக்காதீர்கள். அசிட்டால் 130 டிகிரி வரைதான் தாங்கும். டெஃப்லான் 280 வரை தாங்கும், ஆனால் அதற்கு மேல் வெகுவாகச் சூடேறினால் வரும் புகை காய்ச்சலையும் நெஞ்சடைப்பையும் கொடுக்கும். இன்னொன்றும் உண்டு. தேய்ந்த டெஃப்லான் தூள் ஒட்டிய கையோடு சுருட்டைப் பற்றவைத்தால், நெருப்பில் அதே புகை நேராக நெஞ்சுக்குள் போகும். எங்கள் பட்டறையில் சுருட்டுப் பிடிக்கிற பெரியவர்கள் மூன்று பேர். சோப்புக் கட்டியைத் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்திலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.